ஹோட்டன் சமவெளியிற் குடும்பத்துடன் ஒரு நடை

நடை எம்மவர்க்குப் புதியதன்று. கீழ்க்கரையோரமாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோரும், கைக்குழந்தையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு இரவோடிரவாகச் சிவனொளிபாதமலை ஏறுவோரும் இன்றும் உளர். ஆயின், முடிவில் ஒரு சந்நிதி இல்லாத நடையை, நாட்டைக் கண்டறிதல் ஒன்றையே பயனாகக் கொண்ட நடையை, நாம் இன்னும் நன்கு பழகிக்கொண்டோமில்லை. விடுமுறையில் நுவரெலியாவுக்குச் செல்லும் குடும்பங்கள் வாகனத்தில் இருந்தவாறே மலையைப் பார்த்து மீள்வதே பெருவழக்கு. அத்தகையோர் ஒரு பகற்பொழுதைச் செலவிடத்தக்க இடம் ஹோட்டன் சமவெளி. சிறுவரும் முதியவரும் அங்கு எவ்வாறு நடக்கலாம், நடக்குங்கால் எவற்றை நோக்கலாம் என்பன பற்றி இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் முதல் 2,300 மீற்றர் வரை உயர்ந்து கிடக்கும் மேட்டுநிலம் இது. பரப்பு சுமார் 3,160 ஹெக்டேயர். சமவெளி என்று பெயர் பெற்றதாயினும், அலையலையாய் எழுந்து தாழும் குன்றுகளும் அவற்றிடையே ஓடும் அருவிகளுமே அதன் உண்மைத் தோற்றம். சிங்கள மக்கள் இதனை மஹ எலிய என வழங்கினர். 1834ஆம் ஆண்டில் வேட்டைமேற் சென்ற ஆங்கிலேயப் படையினர் இருவர் இதனைக் கண்டு, அக்காலத் தேசாதிபதி சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை இட்டனர். முன்னரே பெயருள்ள நிலத்துக்குப் புதுப்பெயர் சூட்டுதல் ஆண்டவர் வழக்கம்; இன்று இரண்டாவது பெயரே நிலைத்துவிட்டது. 1969இல் இது சரணாலயமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் சிவனொளிபாதமலைக் காட்டையும் நக்கிள்ஸ் மலைத்தொடரையும் இதனோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெறச் செய்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோர் முதலில் உணர்வது குளிரையே. ஆயிரம் மீற்றர் ஏற ஏற வெப்பநிலை ஆறரைப் பாகை செல்சியஸ் அளவு குறையும் என்பது மாணவர் அறிந்த கணக்கு. கடலோரத்தில் 28 பாகை எனின், இம்மேட்டில் 14 பாகை அளவே இருத்தல் வேண்டும். உண்மையிலும் ஆண்டுச் சராசரி அதனை ஒட்டியே உள்ளது. தை, மாசி மாதத்து இரவுகளிற் புல்நுனிகளில் உறைபனி படியும். ஆகவே கம்பளிச் சட்டையின்றிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் தகாது. இதற்கு மாறாக, வெயில் ஏறியபின் புல்வெளியில் நிழலே இல்லை. குளிர்காற்று வீசுவதால் வெயிலின் கடுமை தெரியாது முகம் கன்றிவிடும். தொப்பியும் வேண்டும் என்பதை எவரும் சொல்லித்தருவதில்லை.

பெரும்பாலார் நடக்கும் வழி ஒரு வட்டப்பாதை. பார் இன் எனப்படும் பழைய விடுதிக் கட்டடத்தருகே புறப்பட்டு, சிறிய உலகமுடிவு, பெரிய உலகமுடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைக் கண்டு தொடங்கிய இடத்துக்கே மீளலாம். தூரம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். வளர்ந்தவர்க்கு மூன்று மணித்தியாலம் போதும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுடன் ஐந்து மணித்தியாலம் என்று கணக்கிடுதல் நன்று.

இங்கேதான் ஒரு கருத்துவேறுபாடு எழுகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின் உலகமுடிவை முகில் மூடிவிடும். எனவே வழிகாட்டுவோர் யாவரும், ஆறு மணிக்கே வாயிலில் நிற்குமாறும், நேரே உலகமுடிவுக்கு விரையுமாறும் கூறுவர். விடியுமுன் புறப்படுதல் நல்லதே, விரைதல் நல்லதன்று. சிறுபிள்ளையின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடும் தந்தையரை அப்பாதையிற் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, வந்த வழியில் ஒன்றையும் பாராது திரும்புவர். முகில் முந்திக்கொண்டால், வந்தது வீணாயிற்று என மனம் நொந்து திரும்புவர். அவர்கள் நொந்துகொள்ளும் அந்த முகிலே இந்நிலம் முழுவதையும் ஆக்கிக் காத்து வருகிறது என்பதை அறிந்தால், அவர்தம் நடையே வேறாகும்.

உலகமுடிவு என்பது மேட்டுநிலத்தின் தென்விளிம்பு. நிலம் அங்கே 870 மீற்றர் அளவு செங்குத்தாக அற்று வீழ்கிறது. காலை வெயிலிற் கீழ்நாட்டு நிலம் சூடேற, ஈரம் செறிந்த காற்று அப்பாறைச் சுவரைத் தழுவி மேலெழும். எழுந்து குளிர்கையில் அதிலுள்ள நீராவி நுண்டுளிகளாகிறது. அதுவே நாம் காணும் முகில். விளிம்பைத் தாண்டிய முகில் காட்டினுட் புகுந்து, இலைகளிலும் கிளைகளிலும் பாசியிலும் தங்கித் துளித்துளியாய்ச் சொட்டும். மழை பெய்யாத நாளிலும் மரங்கள் இவ்வாறு நீரை வடித்தெடுத்து வேருக்கு ஊட்டுகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இம்மேட்டிலிருந்து நீர் செல்கிறது. கீழே வறண்ட நாட்டில் நெல் விளைவிக்கும் உழவன் இம்முகிலுக்குக் கடமைப்பட்டவன்.

பாதையின் தொடக்கம் புல்வெளி. மலைநாட்டார் பத்தனை என்று வழங்கும் இப்புற்றரையில் மரைகள் மந்தையாக மேயும். குன்றின் மேற்புறம் மரமும் தாழ்விடம் புல்லுமாய் நிலம் பிரிந்து கிடப்பதன் காரணம் யாது? தாழ்விடத்தில் தேங்கும் குளிர்காற்றும் உறைபனியும் இளமரங்களைக் கொல்லும் என்பர் ஒருசாரார். பண்டை மக்கள் இட்ட தீ என்பர் மற்றொருசாரார். சதுப்பிற் படிந்த மண்ணைத் துளையிட்டு எடுத்து, அதிலுள்ள மகரந்தமணிகளைக் கொண்டு ஆய்ந்தோர் 24,000 ஆண்டு காலத்து வரலாற்றை அதிற் படித்திருக்கின்றனர். பிள்ளைகளிடம் இக்கேள்வியை விடையின்றியே விட்டுவிடலாம். அவர்கள் குன்றுக்குக் குன்று மரத்தையும் புல்லையும் ஒப்பிட்டுக்கொண்டு வருவர், நடையும் களைப்புத் தாராது.

விடுதிக் கட்டடத்தருகே மனிதருக்கு அஞ்சாத கலைமான்போற் கொம்புடைய ஆண் மரைகள் சில நிற்பதுண்டு. பாணையும் பிஸ்கற்றையும் நீட்டிப் படம் பிடிப்போர் பலர். இது அன்பன்று. ஊட்டப்பட்ட விலங்கு புல்லை விட்டுப் பொதியைத் தேடப் பழகும். பண்டத்தோடு அதைச் சுற்றிய பொலித்தீனையும் விழுங்கும். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் அது தங்கி, உணவு செல்லும் வழியை அடைத்துக் கொல்லும். வாயிலிற் காவலர் பைகளைத் திறந்து பொலித்தீன் உறைகளை அகற்றுவது இதன்பொருட்டே. அவருடன் வழக்காடுவோர் கற்றறிந்தோராய் இருப்பதே வியப்பு.

புல்வெளி முடிந்து காடு தொடங்கும் இடத்திற் சற்று நிற்றல் வேண்டும். கீழ்நாட்டுக் காடுபோல் இது வானளாவியதன்று. காற்றின் கடுமையால் மரங்கள் குள்ளமாய், முறுகிய கிளையும் குடைபோன்ற உச்சியும் தடித்த சிற்றிலையும் உடையனவாய் நிற்கும். ஒரு கிளையிலுள்ள பாசியைப் பிள்ளை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கட்டும், நீர் கசியும். முகிலைக் குறித்து மேலே கூறியதற்கு இதனினும் தெளிவான செய்முறை எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. மூக்கின்மேற் கொம்புடைய ஓணான் ஒன்று இக்காட்டில் உண்டு. இலங்கையின் மலைநாட்டையன்றி உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. மெதுவாக நடக்கும் சிறுவரே அதனை முதலிற் காண்பர்.

பாதையோரத்திற் செம்பூக்களுடன் நிற்கும் மரம் ரொடோடென்டிரன். சிங்களத்தில் மஹ ரத்மல் எனப்படும். இதன் இனம் இமயமலையில் உண்டு, நீலகிரியிலும் உண்டு, இடைப்பட்ட சமநிலத்தில் இல்லை. உலகம் இன்றினும் குளிர்ந்திருந்த பழைய காலத்தில் இது தெற்கே பரவி, பின்னர் வெப்பம் மிகவே மலையுச்சிகளில் ஒதுங்கிற்று என அறிஞர் கருதுவர். இங்கு நெலு எனப்படும் செடியோ நீலகிரியின் நீலக்குறிஞ்சிக்கு உறவு. அவ்வினத்திற் சில 12 ஆண்டுக்கு ஒருமுறை கூடிப் பூத்து மடிவன. 2013இல் இச்சமவெளியில் அவ்வாறு பூத்தது. குறிஞ்சித் திணையைப் பாடப்புத்தகத்தில் மட்டும் கற்ற மாணவனுக்கு அச்செடியை நேரிற் காட்டுதல், உரையாசிரியர் பலரைக் காட்டுவதிலும் பயனுடைத்து.

இரண்டு உலகமுடிவுகளிலும் பிள்ளையின் கையை விடலாகாது. விளிம்புப் பாறை ஈரத்தால் வழுக்கும். படம் பிடிப்பதற்காகப் பின்னோக்கி அடிவைத்தல் அறவே ஆகாது. சிறிய உலகமுடிவின் பள்ளம் 270 மீற்றர் அளவினதே. நடக்க இயலாத முதியோர் அதனைக் கண்டு அவ்வழியே திரும்பினும் குறையில்லை. எழுபது வயதைக் கடந்த என் தாயார் அவ்வாறே திரும்பி, ஓடைக்கரையில் அமர்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 20 மீற்றர் உயரமுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் வழி செங்குத்தாயும் வேர்கள் நிறைந்ததாயும் உள்ளது. முழங்கால் நோவுள்ளோர் அதனைத் தவிர்க்கலாம். அதன் பெயருக்குரிய சாமுவேல் பேக்கர் பெருவேட்டைக்காரர். அவர் காலத்தில் இம்மேட்டில் யானைகள் உலாவின. இன்று ஒன்றும் இல்லை.

காடு எஞ்சியிருப்பதற்கு ஓர் ஆலோசனையும் காரணம். கோப்பித் தோட்டங்கள் மலையை விழுங்கிய காலத்தில், கியூ பூங்காவின் தலைவராயிருந்த சேர் யோசேப்பு ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடலாகாது என 1873இல் அறிவுறுத்தினார். ஆயினும் 1960களில் இப்புல்வெளியின் ஒரு பகுதி உழப்பட்டு விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1970களின் பிற்பகுதி முதல் காட்டின் பல இடங்களில் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுவருகின்றன. வெள்ளெலும்புபோல் நிற்கும் அவற்றைப் பாதையிலிருந்தே காணலாம். ஆங்கிலேயர் கொணர்ந்த கோர்ஸ் என்னும் முட்செடி மஞ்சட் பூவுடன் அழகாகத்தான் பரவுகிறது. அதன் விதை மண்ணிற் பல்லாண்டு உயிருடன் கிடக்கும். சப்பாத்தின் அடியில் ஒட்டிய சேற்றுடன் வேற்றுவிதைகளும் பயணம் செய்வதால், புறப்படுமுன்னரும் திரும்பியபின்னரும் அதனைத் துடைத்தல் வேண்டும். பாதையை விட்டுப் புல்லில் இறங்குதலும் ஆகாது. மிதிபட்ட ஈரமண் இறுகி, மழைநீரை உறிஞ்சாது வழிந்தோடவிடும்.

கிரிகல்பொத்தைக் கொடுமுடிக்கும் இங்கிருந்து வழியுண்டு. நாட்டின் இரண்டாவது உயர்ந்த சிகரமாகிய அதற்குச் செல்லும் பாதை நெடியது, சிறுவர்க்கு ஒவ்வாதது. மூன்றாவதாகிய தொட்டுபொலை, பட்டிப்பொலை வீதியோரத்திலிருந்து ஏறத்தக்கது. இராவணனின் விமானம் இறங்கிய துறை அதுவே என்பது கர்ணபரம்பரை. கதை கேட்டுக்கொண்டே பிள்ளைகள் ஏறிவிடுவர். மாதங்களில் தை முதல் பங்குனி வரை ஏற்றவை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று நிமிர்ந்து நிற்கவிடாது. அப்போது சிறுவரை அழைத்துச் செல்வதைத் தவிர்த்துக்கொள்க.