வீடு பார்க்க வருபவரிடம் எதைக் கேட்பது?

காரமடையில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் உரிமையாளரின் போன் ஓயாது. கோவைக்குள் விலை கட்டுபடியாகாமல் மேட்டுப்பாளையம் சாலையோரமாக வடக்கே நகர்ந்து வருபவர்கள், நீலகிரியிலிருந்து கீழே இறங்கிவிட நினைக்கும் குடும்பங்கள், வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்காகத் தேடும் பெற்றோர், வாங்கிப் போட்டு விற்கும் ஆட்கள் எனப் பலரும் கூப்பிடுவார்கள். எல்லாரையும் வீட்டுக்குள் விட முடியாது, விடவும் கூடாது. யாரை வரச் சொல்வது என்று முடிவு செய்ய நம் பக்கத்தில் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நீங்க எந்த ஊருங்க, என்ன ஆளுங்க?"

சிலர் நேராகக் கேட்பார்கள். சிலர் குலதெய்வக் கோயிலைக் கேட்டுச் சுற்றி வருவார்கள். பல நேரம் உரிமையாளர் வாயே திறக்க வேண்டியதில்லை, தரகரே வடிகட்டிவிடுவார். "அந்த வீடு பேசி முடிஞ்சுதுங்க" என்ற ஒரே வரியில் ஒரு குடும்பம் திருப்பி அனுப்பப்படும். வாசல் வரைக்கும் அவர்களை வர விட்டிருக்க மாட்டார்கள், விற்பவருக்கும் அப்படியொரு குடும்பம் தேடி வந்தது தெரியாது.

இந்தக் கேள்வி வாங்க வருபவரைச் சிறுமைப்படுத்துகிறது. விற்பவருக்கோ அது எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. "நம்ம ஆளுங்க" என்று தெரிந்த நிமிடத்தில் அடையாள அட்டை கேட்பதை விட்டுவிடுகிறோம். மூலப்பத்திரத்தின் நகலை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். முன்பணத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்கிறோம். ஏமாற்ற வருபவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

விற்பவரின் உரிமை எதுவரை

யாரை வீட்டுக்குள் அழைப்பது என்பது உரிமையாளரின் உரிமை. அதில் ஐயம் வேண்டாம். வயதான தம்பதி தனியாக இருக்கும் வீடுகள் காரமடையைச் சுற்றி நிறைய உண்டு. தெரியாத நான்கு பேர் வந்து அறை அறையாகப் பார்ப்பதும், பின்வாசல் எங்கே, கேமரா இருக்கிறதா என்று கேட்பதும் அச்சம் தரக்கூடிய விஷயம்தான். ஆகவே வருபவரிடம் முதல் நாளே பெயர், செல்போன் எண், அடையாள அட்டை கேளுங்கள். பட்ஜெட் எவ்வளவு, பணம் கையிருப்பா வங்கிக் கடனா, கடன் என்றால் வங்கியில் பேசியாகிவிட்டதா, எவ்வளவு நாளில் கிரயம் முடிக்க முடியும் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளால் யாரும் புண்பட மாட்டார்கள். வாங்கும் எண்ணம் உள்ளவர் பதில் சொல்வார், வேடிக்கை பார்க்க வந்தவர் அத்தோடு நின்றுவிடுவார். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது மட்டும் முக்கியம்.

வீட்டைக் காட்டுவது பகல் நேரத்தில், குறைந்தது இரண்டு பேர் வீட்டில் இருக்கும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரங்களின் அசல் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. நகல் கொடுத்தால் அதன் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதி, தேதியும் வாங்குபவர் பெயரும் போட்டுக் கொடுங்கள். வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர் இருந்தால், தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி உள்ளே நுழைய 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். உரிமையாளர் என்பதற்காக நினைத்த நேரத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்ட முடியாது.

இணையத்தில் விளம்பரம் போட்டால் வேறொரு ஆபத்து வருகிறது. ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் பார்க்க வர முடியாது, போட்டோ பார்த்தே பிடித்துவிட்டது, முன்பணம் அனுப்புகிறேன் என்று ஒருவர் பேசுவார். அடையாள அட்டையின் படமும் வரும். பிறகு ஒரு கியூஆர் கோடு வரும், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, போன பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

சாதி கேட்டுத் திருப்பி அனுப்புவது

2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடிவதற்குள், நமக்கு அடுத்த ஊரான மேட்டுப்பாளையத்தின் நடூரில், ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து விழுந்தது. பக்கத்து வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட எல்லாரும் தலித் மக்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அங்கு வாழ்ந்தவர்களும் தலித் அமைப்புகளும் குற்றம் சாட்டினார்கள். இன்னார் நம் பக்கத்தில் குடியிருக்கக் கூடாது என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பேசும்போது, காரமடையில் இருப்பவர்கள் இந்தச் சம்பவத்தைத் தாண்டிப் போக முடியாது. வீடு பார்க்க வந்தவரைச் சாதி கேட்டு அனுப்பிவிடுவதும் அதே எண்ணம்தான். சத்தமில்லாமல் நடப்பதால் அது செய்தியாவதில்லை, அவ்வளவே.

சட்டம் என்ன சொல்கிறது? உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தனிநபர் ஒருவர் தன் வீட்டை விற்கும்போது சாதி, மத அடிப்படையில் மறுக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் பொதுவான வீட்டுவசதிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் 1968-இல் வந்த சட்டம், வீடு விற்பனைக்கு இருக்கும்போதே நிறம், மதம் போன்ற காரணங்களுக்காக ஒருவரிடம் "பார்க்கக் கிடைக்காது" என்று பொய் சொல்வதையே சட்டவிரோதமாக்கியது. நம் தரகர் சொல்லும் "பேசி முடிஞ்சுதுங்க" அங்கே வழக்காகும். 2023-இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது வீட்டுவசதியையும் அதில் சேர்த்தது. சாதி பிறந்த மண்ணில் அதற்கு இணையான சட்டம் இல்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. 2005-இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத்தில் ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர்களைப் பார்சிகளுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் விதியை ஏற்றுக்கொண்டது. அது சங்கம் அமைக்கும் உரிமையை ஒட்டிய தீர்ப்பு. அதைக் காட்டி, நம் தெருவில் இன்னாருக்கு விற்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் உத்தரவு போட முடியாது. ஒருவருக்குச் சொத்தைக் கொடுத்துவிட்டு, இதை யாருக்கும் விற்கவே கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைத்தாலும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவுப்படி அந்த நிபந்தனை செல்லாது.

அப்படியானால் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு வழியே இல்லையா? மறுப்பதை மட்டும் வைத்து வழக்குப் போடுவது கடினம். ஆனால் மறுப்பவர்கள் பெரும்பாலும் மறுப்போடு நிறுத்துவதில்லை. பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினரைப் பொதுப் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது பொதுப் பார்வை ஆகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வீட்டு வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி பேசியது பொதுப் பார்வைதான் என்று 2008-இலேயே சொல்லியிருக்கிறது. வீடு பார்க்கப் போகும் இடத்தில் இந்த வேறுபாடு பெரிது. யார் இருந்தார்கள், எங்கே நின்று பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே குறித்து வையுங்கள். தரகர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள்.

வீட்டை வாங்கிக் குடிபோன பிறகு தெருக்காரர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்துவது, கடையில் பொருள் தராதது, தண்ணீருக்கோ தடத்துக்கோ வம்பு செய்வது எல்லாம் அதே சட்டத்தின் கீழ் சமூகப் புறக்கணிப்பாகவும், சொத்தை அனுபவிக்க விடாமல் தடுப்பதாகவும் குற்றமாகும். புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை என்று இழுக்கக் கூடாது. புலனாய்வை டிஎஸ்பி நிலை அதிகாரி நடத்த வேண்டும். 14566 என்ற உதவி எண் இதற்காகவே இயங்குகிறது. இப்படிப்பட்டவருக்கு விற்றால் பார்த்துக்கொள்கிறோம் என்று விற்பவரை மிரட்டுவதும் குற்றம்தான்; பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவில் அவர் புகார் தரலாம். மதத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்படும் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்த அளவு பிடிமானம்கூட இல்லை. அங்கே நம்பியிருக்க வேண்டியது விற்பவரின் மனசாட்சியைத்தான்.

விற்பவர் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. தரகரிடம் வீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: "சாதி, மதம் கேட்டு யாரையும் அனுப்பிவிடாதீங்க. பணம் தயாரா இருக்கிறவங்க யாரா இருந்தாலும் கூட்டிட்டு வாங்க." நல்ல விலை கிடைக்கவும் அதுவே வழி. பத்துப் பேர் பார்க்கும் வீட்டுக்கும், தரகர் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் மட்டும் பார்க்கும் வீட்டுக்கும் ஒரே விலை வராது.

சட்டமே ஆளைப் பார்க்கும் இடங்கள்

சில சொத்துகளில் யார் வாங்கலாம் என்பதைச் சட்டமே தீர்மானிக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களைப் பத்தாண்டுக்குள் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். அந்த நிலத்தில் எவ்வளவு அழகான வீடு நின்றாலும், வெளியாள் வாங்கினால் கிரயம் நிலைக்காது. அரசு கொடுத்த வீட்டுமனைப் பட்டாக்களிலும் நிபந்தனைகள் உண்டு. வாங்குபவர் பட்டாவை மட்டும் பார்க்காமல் பழைய ஆவணங்களையும், அந்த நிலம் முதலில் யாருக்கு, எந்த நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

வாரிசாக வந்த வீடு என்றால் முதலில் கேட்க வேண்டியவர்கள் உடன்பிறந்தவர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் முதல் வகுப்பு வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை விற்க முன்வந்தால், மற்ற வாரிசுகளுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. கட்டிக் கொடுத்தாச்சு என்று சகோதரிகளை விட்டுவிட்டு நடந்த கிரயங்கள்தான் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் கிடக்கின்றன.

வாங்க வருபவருக்கும் உரிமைகள் இருக்கின்றன. வீட்டில் வெளியே தெரியாத பெரிய குறை எதையும் விற்பவர் மறைக்கக் கூடாது. கேட்டால் உரிமைப் பத்திரங்களைக் காட்ட வேண்டும். இரண்டுமே சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு விற்பவர்மேல் சுமத்தும் கடமைகள். போர்வெல்லில் கோடையில் தண்ணீர் வருமா, பொதுச்சுவர் யாருடையது, தடம் பத்திரத்தில் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். வில்லங்கச் சான்றை இணையத்திலேயே எடுத்துவிடலாம்.

பேச்சு முடிந்தால் முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே விற்பவருக்கு வருமான வரித்துறை அபராதம் விதிக்க முடியும். தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்தும் கிரயம் செய்து தரக் கோரி வழக்குப் போடலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது என்றாலும், பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும். அதே வீட்டை இன்னொருவருக்குக் காட்டி இன்னொரு முன்பணம் வாங்குவதை அது தடுக்கும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு சட்டம் சொல்கிறது. கோவை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம்.