புல்லட் பட்டறையின் பின்கட்டில்!

ரீபோர் போட்டாச்சு, புது பிஸ்டன் ஏத்தியாச்சு, பழைய 350 புல்லட் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் பிளாக்கைப் பாருங்கள்! வேறெங்கோ அடித்த கறுப்பு பெயிண்ட், ஃபின்னுக்கு ஃபின் செதில் செதிலாக உரிந்து தொங்குகிறது. இதை எப்படிச் சரிசெய்வார்கள்? சென்னைப் பட்டறை ஒன்றின் பின்கட்டுக்குள் என்னை விட்டார்கள். நான் தரையில் நிற்கவில்லை, போங்கள்!

மெக்கானிக் அண்ணன் முதலில் எடுத்தது ஸ்பேனரை அல்ல, ஒரு செதிலை. நகத்தால் பெயர்த்தார், திருப்பினார், டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். "மேலே பார்க்காதீங்க, அடியைப் பாருங்க."

அடடா, அடியில்தான் கதை முழுவதும் இருக்கிறது! அடிப்பக்கம் பழுப்புப் பொடி ஒட்டியிருந்தால் துருவின் மேலேயே அடித்திருக்கிறார்கள். இரும்பில் ஒரு பூச்சு தங்கி மேல்பூச்சு மட்டும் வந்தால், கோளாறு இரண்டு பூச்சுகளுக்கு நடுவில். எங்கள் செதிலின் அடி வழவழ. விரலால் தேய்த்தேன், பிசுக்கு! "எண்ணெய் குடிச்ச இரும்பு," என்றார் அண்ணன். கேஸ் முடிந்தது.

இரும்பு எப்படி எண்ணெய் குடிக்கும்? இந்தியாவில் புல்லட் உற்பத்திக்காக மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்துக் கம்பெனியும் கைகோத்தது 1955இல். பிறகு திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட அந்தப் பழைய இன்ஜினில் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. வார்ப்பிரும்பின் மேல்தோல் சொரசொரப்பு. அதிலுள்ள பொடிக் குழிகளில் பல வருஷத்து எண்ணெய் ஊறிக் கிடக்கும். துடைத்தால் போன மாதிரி தெரியும். இன்ஜின் சூடானதும் மெல்லக் கசிந்து மேலே வந்து, பெயிண்டை அடியிலிருந்தே தள்ளிவிடும்.

மாட்டிய இன்ஜினிலேயே மணல் பிளாஸ்டிங் அடித்தால் என்ன என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் "ஐயையோ!" ஒரு பொடி மணல் உள்ளே போனால் புது போரில் கோடு விழுந்துவிடும். அதனால் ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை உருவி எடுத்து, காஸ்டிக் சோடாத் தண்ணீரில் இறக்கினார்கள். கையில் கனமான கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி. இரும்புக்கு மட்டும்தான் இந்தக் குளியல். அலுமினிய ஹெட்டை அதில் போட்டால் நுரை தள்ளி அரித்துத் தின்றுவிடும்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். அலசிய கையோடு பிளாக் பழைய கேக் ஓவனுக்குள் போகிறது (இனி அதில் கேக் சுடவே கூடாது!). உள்ளே 100 டிகிரிச் சூடு. வெளியே எடுத்தால், சுத்தமாகத் தெரிந்த இரும்பு வியர்த்திருக்கிறது! ஃபின்களின் அடிமடிப்பில் மெல்லிய பழுப்புக் கசிவு. ஆறவிட்டு, தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்கிறார் உதவிக்கு நிற்கும் தம்பி. துணி பழுப்பு. திரும்பவும் சூடு, திரும்பவும் துடைப்பு. துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை இதே வேலை. இந்த அறைக்குள் எண்ணெய்க் கேனுக்கும் சிலிகான் ஸ்பிரேக்கும் அனுமதி இல்லை. வெறுங்கையால் தொடக்கூட விடவில்லை, விரல் ரேகையே போதுமாம்!

பிறகு தண்ணீர்ப் பரீட்சை. பிளாக்கின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறார். முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு மிச்சம். இங்கே ஒரே படலமாகப் பரவி வழிந்தது. நான் கைதட்டியே விட்டேன்! கடற்காற்றில் துரு முந்திக்கொள்ளும் என்று அடுத்த நொடியே ஹாட் ஏர் கன் பிடித்தார்கள்.

இனி பெயிண்ட். சிலிகான் பிசின் கலந்த, 600 டிகிரி தாங்கும் மேட் கறுப்பு. அடியில் சாதாரண ரெட் ஆக்ஸைடு பிரைமர் கிடையாது. அது சூட்டில் கருகி மேல்பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். போர் வாயிலும் கேஸ்கெட் உட்காரும் இடங்களிலும் மாஸ்கிங் டேப். அங்கே பெயிண்ட் தங்கினால் சூட்டில் நசுங்கி, நட்டின் பிடி தளர்ந்து எண்ணெய் ஒழுகும். முதல் கோட் வெறும் பனிப்புகை அளவுதான். ஸ்பிரே கன்னை மேலும் கீழும் சாய்த்துச் சாய்த்து ஃபின்களின் ஆழத்துக்குள் செலுத்துகிறார். காற்றில் ஆறும் இன்ஜின் இது, தடியாகப் பூசினால் சூடு வெளியேறத் தடை.

காய்ந்ததும் மறுபடி ஓவன், ஆனால் படிப்படியாக. எடுத்ததுமே சூட்டை ஏற்றினால் உள்ளே சிக்கிய தின்னர் கொப்புளம் கட்டும். இந்த வகை பெயிண்ட் சுட்டால்தான் முழுசாக இறுகும். சுடாமல் மாட்டினால், கார்புரேட்டரிலிருந்து ஒழுகும் பெட்ரோலே அதைக் கரைத்துவிடும்.

கடைசியில், கண்ணில் படாத ஓர் ஓரத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பு! டேப்பில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. தம்பி விசிலடித்தார். அண்ணன் அதற்குள் புது கேஸ்கெட்டைப் பிரித்துக்கொண்டே உரிமையாளருக்கு போன் போட்டார்: "முதல்ல ஸ்டார்ட் பண்றப்ப பிளாக்குலேர்ந்து லேசாப் புகை வரும் சார். மிச்சமிருக்கிற பெயிண்ட் வேகுது, அவ்வளவுதான். பதறிப்போய்த் தண்ணிய மட்டும் ஊத்திடாதீங்க!"