லாயமும் லயமும்

தரம் ஏழில் ஒரு பிள்ளை, “எங்கள் வீடு லாயத்தில் இருக்கிறது” என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனையால் அந்த அரவை வெட்டினேன். லாயம் குதிரை கட்டும் இடம். லயம், ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்தில் திரிந்து வந்தது. வெட்டிய பிறகுதான் இரண்டையும் அளந்து பார்க்கத் தோன்றியது.

ரயில் 1893இல் ஹப்புத்தளைக்கு வந்தது. ஹாலிஎலயைக் கடந்து பதுளையை எட்டியது 1924இல். ரயிலுக்கும் நல்ல தெருக்களுக்கும் முந்திய காலத்தில் நம்மட ஆக்களின் தவள மாடுகள் உப்பும் புடைவையும் சுமந்தன. தொரைமார் மலை பார்க்கக் குதிரையில் போனார்கள். அதனால் பங்களாவோடு லாயமும் வேண்டியிருந்தது.

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய லாயத்தின் அமைப்பெல்லாம் குதிரையின் சுகத்தைக் கருதியது. மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா அதன் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். ஆகவே கல் பதித்த தரையைச் சற்றே சரித்துக் கானுக்கு நீரோட விட்டார்கள். ஜன்னலைக் குதிரையின் தலைக்கு மேலே வைத்தார்கள். காற்று வரும், உடம்பில் நேரே அடிக்காது. கூரை முகட்டில் சூட்டு ஆவி வெளியேற வழி. பக்கத்தில் சேண அறை, தீன் அறை. மேலே வைக்கோல் பரண். குதிரையைக் கட்டாமல் விடும் தனியறைக்கு 12 அடிக்கு 12 அடி வழக்கமான அளவு.

லயக் காம்பராவோ பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்ளும் முன் இஸ்தோப்பிலும்தான். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்சுவருக்கு ஜன்னல் வைக்கவே ஏலாது. அடுப்புப் புகை முன்வாசலால்தான் போகவேண்டும்.

காற்று, கான், வெளிச்சம் பற்றிய அறிவு தொரைமாரிடம் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய குதிரைக்கு அதைச் செலவழித்தார்கள். குதிரையைப் பேணியதில் குற்றமில்லை. ஓடும் குதிரைகள் மீது சத்தியத்தோடு தொடங்கும் அல்-ஆதியாத் ஸூராவை ஓதுகிற நமக்கு வாயில்லாச் சீவனின் ஹக்கு தெரியும். அந்த அளவுகோலை மனிதனுக்கு வைக்காததே அநியாயம்.

1931இல் ஹப்புத்தளையில் அடிசம் மாளிகை எழும்போது மோட்டார் காலம் வந்துவிட்டது. லாயங்கள் கராஜ்களாகின. லயங்களில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. பழைய பங்களாக்களைப் படமெடுக்கவும் அளக்கவும் வரும் நம் ஆய்வாளர்கள், அதே அளவு நாடாவோடு லயத்துக்கும் ஒருக்கா போகட்டும்.

அந்தப் பிள்ளையின் கொப்பியில் எழுத்துப்பிழை மட்டுமே இருந்தது. அதையும் நான் திருத்திவிட்டேன்.