பாக்கெட் தேதியைப் பார்த்தால் போதுமா? கடை ஃபிரிட்ஜையும் பாருங்க!

பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பன்னீர் பாக்கெட் வாங்குறீங்க. தேதி இன்னும் முடியவில்லை. அப்படியென்றால் பயமில்லாமல் சாப்பிடலாமா?

குளிரிலும் வளரும் கிருமி

பெரும்பாலான நோய்க்கிருமிகள் ஃபிரிட்ஜ் குளிரில் அடங்கிவிடும். 'லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ்' அப்படியல்ல. 4 டிகிரி செல்சியஸிலும் மெதுவாகப் பெருகும். உணவின் வாசனையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. முதியவர்களுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் இது ஆபத்து. கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவுகூட ஏற்படலாம். தென்னாப்பிரிக்காவில் 2017–18-ல் 'போலோனி' என்ற குளிரூட்டிய இறைச்சி உணவு மூலம் பரவி, 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நம் நாட்டு விதிப்படி, பன்னீரின் 25 கிராம் மாதிரியில் இந்தக் கிருமி காணப்படவே கூடாது.

ஒத்திகைக்கு ஒரு சாதுக் கிருமி

தயாரிப்பு முறை இந்தக் கிருமியைக் கொல்கிறதா என்று தொழிற்சாலையிலேயே சோதிக்க வேண்டும். அதற்காக நோய்க்கிருமியை உள்ளே கொண்டுவந்தால், அது மெஷினில் ஒட்டிக்கொண்டு பரவிவிடும். கம்பெனியில் தீ விபத்து ஒத்திகைக்கு நிஜமாகவே தீ வைப்பதில்லையே, அது மாதிரிதான் இதுவும். பொதுவாக நோய் தராத நெருங்கிய இனமான 'லிஸ்டீரியா இன்னோகுவா'வைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உணவில் சேர்ப்பார்கள். சூடாக்கிய பின் எத்தனை மிஞ்சின என்று எண்ணுவார்கள். நோய்க்கிருமி அளவுக்காவது இதுவும் சூட்டைத் தாங்குமா என்பதை ஆய்வகத்தில் முன்கூட்டியே உறுதி செய்வார்கள். சோதித்த உணவு விற்பனைக்கு வராது.

தேதிக்குப் பின்னால் ஒரு நிபந்தனை

தயாரிப்பு சரியாக இருந்தாலும், பாக்கெட்டில் உள்ள தேதி 'குளிரில் வைத்திருந்தால்' மட்டுமே செல்லும். கரண்ட் பில்லை மிச்சப்படுத்த ராத்திரியில் ஃபிரிட்ஜை ஆஃப் செய்யும் கடையில் அந்தத் தேதிக்கு மதிப்பில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

• குளிர் இல்லாத, உப்பிய பாக்கெட்டை வாங்காதீங்க.
• குளிர்ந்த பொருட்களைக் கடைசியாக வாங்கி, நேராக வீட்டுக்குப் போங்க.
• வீட்டு ஃபிரிட்ஜை 5 டிகிரிக்குள் வையுங்க.
• கர்ப்பிணிகளுக்குப் பன்னீரை நன்றாக வேகவைத்துக் கொடுங்க. சூட்டில் கிருமி செத்துவிடும்.

புகார் செய்ய

லேபிள், பேட்ச் எண், 14 இலக்க உரிம எண் ஆகியவை தெரியும்படி போட்டோ எடுங்க. கடையின் பெயர், முகவரியுடன் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்புங்க. 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலும் புகார் பதிவு செய்யலாம்.