ஆசிரியருக்கும் வேண்டும் ஒரு நாள்

தலைநகரில் வாழும் நம்மவர்களில் ஆசிரியப் பணியில் இருப்போர் அநேகம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் மட்டும் அல்ல. கேந்திரிய வித்யாலயங்களிலும், தில்லி அரசுப் பள்ளிகளிலும், நொய்டா, குர்காவ்ன் பக்கத்துத் தனியார் பள்ளிகளிலும் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் கற்பிக்கும் தமிழ்ச் சகோதரிகளும் சகோதரர்களும் இருக்கிறார்கள். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று தெய்வத்துக்கு முன்னால் குருவை வைத்தவர்கள் நாம். அந்தக் குருவுக்கும் களைப்பு வரும் என்பதைத்தான் நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை.

காய்ச்சல் வந்தால் விடுப்பு எடுக்கலாம். பிள்ளைக்கு அம்மை போட்டால் எடுக்கலாம். ஊரில் கல்யாணம், காரியம் என்றால் எடுக்கலாம். ஆனால் 'மனம் களைத்துவிட்டது, ஒரு நாள் ஓய்வு வேண்டும்' என்று விடுப்பு எடுத்தால்? பள்ளியில் என்ன நினைப்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். நாமே நம்மைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்ளும் குற்ற உணர்வு மறுபக்கம். அந்த ஒரு நாளைத் தயங்காமல் எடுக்க வேண்டும், எடுத்த நாளைப் பயன்படும்படி கழிக்கவும் வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எது வெறும் அலுப்பு, எது களைப்பு?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பிரிவுக்கு 40 பிள்ளைகள் வீதம் நான்கு பிரிவுகள் என்றால் 160 நோட்டுகள். ஒரு நோட்டைத் திருத்த மூன்றே நிமிடம் என்று வைத்தாலும் 480 நிமிடம், அதாவது எட்டு மணி நேரம். ஒரு முழு வேலை நாள்! இது வகுப்பு நடத்தும் நேரத்துக்கு மேற்பட்டது. பெரும்பாலும் இரவுச் சமையல் முடிந்த பிறகு சாப்பாட்டு மேஜையில் நடப்பது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியரின் வார வேலை நேரத்தைப் பாடத் தயாரிப்பையும் சேர்த்துத்தான் 45 மணி என்று கணக்கிடுகிறது. வீட்டில் செய்யும் தயாரிப்பும் வேலைதான் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

உடல் அலுப்பு ஓர் இரவு நன்றாகத் தூங்கினால் போய்விடும். போகாத களைப்பு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை ஒரு நோயாக அல்லாமல், சமாளிக்கப்படாத வேலை நெருக்கடியால் நேரும் நிலை என்று வகைப்படுத்தியது. அதற்கு மூன்று அடையாளங்களையும் சொன்னது: சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலை மேலேயே வெறுப்பும் விலகலும் உண்டாவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது.

நம் பேச்சில் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கு வைத்ததுமே வயிற்றைப் பிசையும். விடைத்தாளில் ஒரே வரியை மூன்று முறை படித்தும் மனதில் ஏறாது. பென்சில் கேட்ட பிள்ளையிடம் எரிந்து விழுவோம். பிறகு ஓய்வறையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், அதுதான் விடுப்பு எடுக்க வேண்டிய நேரம். படுத்த படுக்கையாகும் வரை காத்திருக்க வேண்டாம்.

விடுப்பு உங்கள் உரிமை

'மனநல விடுப்பு' என்று தனியாக ஒன்று நம் விதிகளில் கிடையாது. ஆனால் தற்செயல் விடுப்பு, அதாவது சி.எல்., இருக்கிறது. தில்லி அரசுப் பள்ளிகளில் ஆண்டுக்கு 8 நாள். 1973-ஆம் ஆண்டின் தில்லிப் பள்ளிக் கல்வி விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஊழியர்களுக்கும் அரசுப் பள்ளியில் அதே நிலையில் இருப்பவர்களுக்கு உள்ள விடுப்பு உரிமை உண்டு. இது தெரியாமல் இருப்பவர்கள் பலர்.

காரணம் என்ன எழுதுவது? 'காய்ச்சல்' என்று பொய் எழுத வேண்டியதில்லை. 'சொந்த வேலை' என்று எழுதினால் போதும். தன் உடம்பையும் மனதையும் பார்த்துக்கொள்வதைவிடச் சொந்தமான வேலை வேறு என்ன இருக்கிறது?

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரில் யாருக்கு என்ன ஆகுமோ என்று அந்த எட்டு நாளையும் பொத்திப் பொத்தி வைக்கிறோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போக இரண்டு இரவு, வர இரண்டு இரவு என்றால் வேறு வழியும் இல்லைதான். ஆனால் சி.எல். அடுத்த ஆண்டுக்குச் சேராது. டிசம்பர் 31-உடன் கழிந்துவிடும். எட்டில் ஆறை ஊருக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டை, ஆறு மாதத்துக்கு ஒன்றாக, உங்களுக்கென்று ஒதுக்குங்கள்.

'கெஸ்ட் டீச்சர்' எனப்படும் ஒப்பந்த ஆசிரியர்களின் நிலை வேறு. வேலை செய்த நாளுக்குத்தான் சம்பளம். அவர்கள் ஓர் அரசு விடுமுறை நாளையோ, ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பாதியையோ இதற்கென்று முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். அந்த நாளில் டியூஷனையும் விருந்தாளியையும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதுதான் முக்கியம்.

முதல் நாளே செய்ய வேண்டியவை

நீங்கள் வராத நாளில் உங்கள் வகுப்புகள் 'அரேஞ்ச்மென்ட் பீரியட்' என்று சக ஆசிரியர் தலையில்தான் விழும். அதை நினைத்துத்தான் பலருக்கு வீட்டில் இருந்தாலும் மனம் இருப்புக் கொள்வதில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடிய ஒரு பயிற்சித் தாளைத் தயார் செய்து, வகுப்புத் தலைவனிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். தேர்வு நாள், பெற்றோர் சந்திப்பு நாள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். யார் உங்கள் வகுப்பை எடுக்கிறாரோ அவருக்கு நன்றி சொல்லி, அவர் விடுப்பு எடுக்கும் நாளில் நீங்களும் முகம் சுளிக்காமல் போங்கள்.

திருத்த வேண்டிய நோட்டுகளைப் பள்ளி அலமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்தால் அவை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பள்ளி வாட்ஸ்அப் குழுவில், 'நாளை விடுப்பு. மறுநாள் பார்க்கிறேன்' என்று ஒரு வரி போட்டுவிட்டு அதன் ஓசையை நிறுத்திவிடுங்கள்.

அந்த நாளைக் கழிப்பது எப்படி?

முதல் எதிரி வீட்டு வேலை. 'இன்றைக்குத்தான் வீட்டில் இருக்கிறாயே' என்று பரண் சுத்தம் செய்வதும், இட்லிக்கு அரைப்பதும், வங்கிக்குப் போவதும் வரிசையாக வந்து நிற்கும். மாலையில் பார்த்தால் பள்ளிக்குப் போயிருந்தாலே தேவலை என்று ஆகிவிடும். அன்று சமையல் முதல் நாள் குழம்பும் அப்பளமுமாக இருக்கட்டும். ஒரு தயிர் சாதம் போதும். குடி ஒன்றும் முழுகிவிடாது.

தூக்கம்: முதல் நாள் இரவு சீக்கிரம் படுங்கள். காலையில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். பகல் முழுவதும் தூங்கினால் இரவுத் தூக்கம் கெட்டு, மறுநாள் இன்னும் களைப்பாக இருக்கும். மதியம் அரை மணி நேரத் தூக்கம் போதும்.

குரல்: நமக்குச் சோறு போடுவது குரல்தான். அன்று அதற்கும் விடுப்புக் கொடுங்கள். காலை முழுவதும் பேசாமலே இருந்து பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை அடிக்கடி சிறிது சிறிதாகக் குடியுங்கள். தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்க வேண்டாம். கிசுகிசுவென்று பேசுவதும் குரலுக்கு ஓய்வு ஆகாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கால்: நாளெல்லாம் நிற்கும் கால்கள். தலையணை மேலோ சுவரிலோ காலை உயர்த்தி வைத்துக் கால் மணி நேரம் படுத்திருங்கள். கால் நரம்பு புடைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் இதமாக இருக்கும்.

வெளிக்காற்று: வேலை நாளில் தில்லித் தோட்டங்களில் கூட்டம் இருக்காது. லோதி தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது. பிப்ரவரியில் பூக்கள் பூத்திருக்கும்போது அங்கே ஒரு மணி நேரம் நடந்தால், 15, 16-ஆம் நூற்றாண்டுக் கல்லறை மாடங்களின் நடுவே நம் விடைத்தாள் கட்டு சிறிதாகத் தெரியும். மலை மந்திர் படிகளில் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரிதான். நவம்பர், டிசம்பர் புகைமூட்டத்தில் மட்டும் காலை நடை வேண்டாம். வீட்டுக்குள் ஜன்னலோரத்தில் ஒரு புத்தகம் போதும்.

நம் மொழி: பள்ளியில் நாளெல்லாம் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறோம். பிறமொழியில் பேசும்போது மனம் ஒரு சிறு காவலுடனேயே இருக்கும். தமிழில் பேசும்போது அந்தக் காவல் இறங்கிவிடும். மாலையில் ஊரில் இருக்கும் அக்காவையோ பழைய தோழியையோ தொலைபேசியில் அழைத்து, பள்ளியைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள். படித்து முடிக்காத நாவலை எடுங்கள். பழைய பாட்டுக் கேளுங்கள். இவற்றுக்குப் பயன் என்ன என்று கேட்காமல் செய்வதுதான் பயன்.

ஆண் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 'எனக்கென்ன களைப்பு' என்று மாலையில் டியூஷன், ஞாயிறன்று தேர்வுக் கண்காணிப்பு என்று ஓடுகிறவர்கள் பலர். கோபமாகவும் இரத்த அழுத்தமாகவும் வெளிப்படுவதும் இதே களைப்புத்தான்.

ஒரு நாள் போதாதபோது

ஒரு நாள் ஓய்வு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ஆள் பற்றாக்குறையும், எழுதித் தீராத பதிவேடுகளும் மறுநாள் அங்கேயேதான் இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளைத் தவிர வேறு கல்வி சாரா வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. இதை எடுத்துச் சொல்லத் தனி ஒருவரால் முடியாது. ஆசிரியர்கள் சேர்ந்து பேச வேண்டும். நம் வாசகர்களில் பள்ளித் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. விடுப்புக் கடிதத்தைப் பார்த்ததும் 'ஏன்?' என்று கேட்பதற்குப் பதிலாக 'சரி, ஓய்வெடுங்கள்' என்று அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தையே பாதி மருந்து.

ஓய்வெடுத்த பின்னும் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது வேறு. மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 'டெலி மனஸ்' என்ற அரசுத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேசலாம் என்பது நமக்குப் பெரிய ஆறுதல். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள்; அந்த எண்ணை அழையுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

ஊரில் இருந்தால் களைத்தவள் நான்கு நாள் அம்மா வீட்டுக்குப் போய் வருவாள். இங்கே அம்மா வீடு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அந்த இடத்தில் இருக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். உங்கள் வீட்டு ஆசிரியர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால், 'உடம்புக்கு என்ன?' என்று துருவ வேண்டாம். காலைக் காபியை நீங்கள் போடுங்கள். பிள்ளைகளைப் பள்ளி பஸ்ஸில் நீங்கள் ஏற்றுங்கள். மாலையில் 'இன்று என்ன செய்தாய்?' என்று கேட்டு, 'ஒன்றும் செய்யவில்லை' என்று பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் தினமும் பார்க்கிற முகம் ஆசிரியருடையது. அந்த முகத்தில் சிரிப்பு இருந்தால் பிள்ளைகளுக்குப் பாடம் பாதி புரிந்த மாதிரிதான். இந்த ஆண்டின் சி.எல். கணக்கில் இன்னும் எத்தனை நாள் பாக்கி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள்.