குழந்தையின் மூளை வளர, உட்கரு நகர வேண்டும்

மூளை வளர்ச்சி குன்றிய குழந்தை பிறந்தால் முதலில் பழி விழுவது தாயின் மீதுதான். கிரகணத்தில் வெளியே போனாள், பப்பாளி சாப்பிட்டாள் என்று உறவினர்கள் காரணம் தேடுவார்கள். உண்மையான காரணம் பல நேரங்களில் கண்ணுக்குத் தெரியாத உயிரணுவுக்குள் இருக்கிறது.

கருவில் மூளை முதலில் ஒரு சிறிய குழலாகத்தான் உருவாகிறது. அதன் சுவரில் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், நெருக்கியடித்து நிற்கின்றன. ஒல்லியான ஒவ்வோர் அணுவும் சுவரின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை நீண்டிருக்கும். அதனுள்ளே இருக்கும் உட்கரு ஓரிடத்தில் நிற்பதில்லை. வெளிப்புறம் நகர்ந்து மரபுச் செய்தியை நகலெடுக்கிறது. மீண்டும் உள்விளிம்புக்கு வந்த பிறகே அணு இரண்டாகப் பிரிகிறது.

தோட்டத்து லயங்களில் இருந்த பொதுத் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். குடம் நிறைந்தவர் விலகினால்தான் அடுத்தவருக்கு வழி. குறுகிய உள்விளிம்பில் உட்கருக்களும் அப்படித்தான் வந்து போகின்றன. 1935இல் அமெரிக்க ஆய்வாளர் சாவர் இதை விளக்கினார்.

உட்கரு தானாக நகர்வதில்லை. எலி மூளையில் நடந்த ஆய்வை 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. கைனெசின் என்ற புரதம் உட்கருவை வெளியே கொண்டு செல்கிறது. டைனீன் என்ற புரதம் திரும்ப இழுத்து வருகிறது.

டைனீனுக்குத் துணைபுரியும் லிஸ்1 மரபணு பழுதானால் உட்கரு வழியிலேயே நின்றுவிடும், அணு பிரியாது. புதிய நரம்பணுக்களும் உரிய இடம் சேராமல், மடிப்புகள் குறைந்த வழவழப்பான மூளை உருவாகிறது. இந்தப் பழுது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. குழந்தையிடம் புதிதாகத் தோன்றுகிறது. தாய் சாப்பிட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

தடுக்கக்கூடிய ஆபத்தும் உண்டு. ஸிகா கிருமி இதே குருத்தணுக்களைத்தான் தாக்குகிறது. 2015இல் பிரேசிலில் பல குழந்தைகள் சிறிய தலையுடன் பிறந்தன. 2016 ஆகஸ்டில் சிங்கப்பூரின் அல்ஜுனிட் வட்டாரத்திலும், செப்டம்பரில் மலேசியாவிலும் ஸிகா கண்டறியப்பட்டது.

அதைப் பரப்புவது ஏடிஸ் கொசு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூந்தொட்டித் தட்டுகளிலும் வாளிகளிலும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். தாயைக் குறை சொல்வதைவிட, இதுவே உறவினர்கள் செய்யக்கூடிய உதவி.