ஓவியங்களை ஒளிப்படமெடுத்தல்

ஓவியங்களை ஒளிப்படமெடுத்தல் என்பது ஓர் ஓவியத்தின் நிறம், வடிவம், பரப்பின் தன்மை ஆகியவற்றை இயன்றவரை மாறாமல் பதிவு செய்யும் முறையாகும். விற்கப்பட்ட ஓவியம் பெரும்பாலும் ஓவியரிடம் திரும்பி வருவதில்லை. பின்னர் கண்காட்சிக்கு விண்ணப்பிக்கவும், படிகளை அச்சிடவும் அவரிடம் எஞ்சியிருப்பது ஒளிப்படமே. வீட்டுச் சுவருக்கு ஓவியம் தேடுவோர் பலரும் திரையில் பார்த்தே வாங்குவதால், நிறம் பிறழ்ந்த படம் விற்பவர், வாங்குபவர் இருவரையும் ஏமாற்றிவிடும்.

மஞ்சள் பால்காரி

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால்காரி' ஓவியம் ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் மஞ்சள் படிந்த தரக்குறைவான படங்கள் இணையத்தில் ஏராளமாகப் பரவின. அருங்காட்சியகக் கடையில் விற்ற அஞ்சலட்டைகளில் நிறம் சரியாக இருந்தும், அவை மூல ஓவியத்தைப் போல் இல்லை எனப் பார்வையாளர்கள் கருதினர். தரமான படங்களை அருங்காட்சியகம் தானே இணையத்தில் திறந்து வெளியிட இது தூண்டுதலாயிற்று. 2011இல் யூரோப்பியானா வெளியிட்ட அறிக்கை ஒன்று இச்சிக்கலுக்கு 'மஞ்சள் பால்காரி' என்றே பெயரிட்டது.

ஒளி

ஓவியத்தின் இருபுறமும் ஒரே வகையான இரு விளக்குகளை, சம தொலைவில், பரப்புக்கு ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் வைப்பது வழக்கம். ஒளி விழும் கோணமும் தெறிக்கும் கோணமும் சமம் என்பதால், பளபளப்பு ஒளிப்படக்கருவியை எட்டாமல் எதிர்ப்பக்கம் விலகிச் செல்கிறது. ஓவியத்தின் நடுவே ஒரு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்தால் இருபுறமும் நிழல் விழும். இரு நிழல்களும் ஒரே அளவு கருமையுடன் இருந்தால் ஒளி சமமாகப் பரவியுள்ளது எனக் கொள்ளலாம்.

விளக்குகள் இல்லாதபோது மேகமூட்டமான பகலொளி போதுமானது. நேரடி வெயிலும் கருவியிலுள்ள மின்வெட்டொளியும் தவிர்க்கப்பட வேண்டியவை. கண்ணாடிச் சட்டமிடும் முன்பே படமெடுப்பது நல்லது.

நிறம்

பகலொளியின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின். குண்டு விளக்கினுடையது 2700 முதல் 3000 கெல்வின் வரை. இரண்டையும் கலந்தால் ஓவியத்தின் ஒரு பகுதி நீலமாகவும் மறுபகுதி மஞ்சளாகவும் பதிவாகும். பின்னர் திருத்துவது கடினம். எனவே ஒரே வகை ஒளியைப் பயன்படுத்தி, அதே ஒளியில் சாம்பல் நிற அட்டையைப் படமெடுத்து, அதைக் கொண்டு வெண்சமநிலையை அமைக்க வேண்டும். வெள்ளைத் தாளில் வரைந்த நீர்வண்ண ஓவியங்களைக் கருவி தானாகவே மங்கலாக்கும் என்பதால், ஒளியளவைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும்.

வடிவம்

கருவி ஓவியத்துக்கு இணையாக இல்லாவிட்டால் செவ்வகம் சரிவகமாகிவிடும். இதைச் சரிபார்க்க, ஓவியத்தைச் சேதப்படுத்தாமல் அதன் மையத்தில் ஒரு சிறு கண்ணாடியைப் பரப்போடு ஒட்டிப் பிடிப்பர். அதில் வில்லையின் பிம்பம் படச்சட்டத்தின் நடுவில் தெரிந்தால் இரண்டும் இணையாக உள்ளன. அகலக்கோண வில்லை ஓரங்களை வளைக்கும். ஆகவே கைப்பேசியில் எடுப்போர் சற்றுப் பின்னே நின்று, இருமடங்கு வில்லை இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். முக்காலியும் நேரங்குறிப்பியும் அதிர்வைத் தடுக்கும்.

தஞ்சாவூர் ஓவியங்கள்

புடைப்பான பகுதிகளில் பொற்தகடு ஒட்டிக் கற்கள் பதிக்கும் தஞ்சாவூர் ஓவியங்கள் படமெடுக்கக் கடினமானவை. எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பை நீக்க, விளக்கிலும் வில்லையிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக முனைவாக்க வடிகட்டிகளைப் பொருத்துவர். அம்முறையில் பொன் தன் மின்னலை இழந்து கருத்துப்போகும். அதனால் இங்கு வெள்ளைத் துணி வழியாக ஒளியைப் பரப்பி, பொன்னில் அத்துணியின் வெண்மை தெறிக்கும்படி செய்வது பொருத்தமானது. எதிரேயுள்ள சுவரின் நிறமும் படமெடுப்பவரின் சட்டை நிறமும் கூடப் பொன்னில் தெரியக்கூடும்.

கோப்பும் உரிமையும்

ஏ4 அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 2480 × 3508 படவணுக்கள் தேவை. இணையத்துக்குச் சிறிய படியே போதும். திருத்தப்படாத மூலக் கோப்பைத் தனியே பாதுகாக்க வேண்டும். ஓவியத்தின் நீள அகலங்களையும் குறித்து வைத்தால், வாங்குபவர் அதன் உண்மை அளவை அறிவார்.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரின் வாழ்நாளிலும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஓவியத்தை விற்பதால் மட்டும் அவ்வுரிமை கைமாறுவதில்லை. ஆயினும் அந்த உரிமையைக் கொண்டு படிகள் அச்சிட, விற்பதற்கு முன்பே எடுத்த தரமான ஒளிப்படம் ஓவியரிடம் இருக்க வேண்டும்.